ஓர் அங்குல வால்நட் கட்டை

செத்துக் கிடக்கிறவனின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறவனைவிட ஈனப்பிறவி மொன்டானாவில் கிடையாது. குதிரை திருடினவனைக்கூட இந்த ஊர் ஜூரி உட்காரவைத்துக் காரணம் கேட்கும். இவனைக் கேட்காது.

அதனால் புதன்கிழமை காலையில் லோர்னா க்ரீட் எங்கள் அலுவலகப் படியேறி வந்து, "என் புருஷன் துப்பாக்கியத் திருடினவன் யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றபோது எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. வருகிறவர்களிடமிருந்து உண்மை வருகிறதோ இல்லையோ, கீழேயிருந்து சோப்பு வாசனை தாராளமாக வரும்.

என் முதலாளி மேவிஸ் ஹால்வர்சன் ஒரு நாற்காலியைக் காட்டினாள். அறுபது வயது. பாதி ஆயுளைத் திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்கிற வனக்காவலராகக் கழித்துவிட்டு, இப்போது துப்பறிகிறாள். நான் கிப். வண்டி ஓட்டுவது, காபி போடுவது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை.

லோர்னா உட்கார்ந்தாள். அவ்வளவு சின்ன உருவம், கால் தரையைத் தொடவில்லை. செய்தி ஊருக்கே தெரிந்ததுதான். கணவர் ஹார்லன், ஆறடி நாலங்குலம், வெள்ளிக்கிழமை எல்க் மான் வேட்டைக்குத் தனியாகக் கெட்டில் பள்ளத்துக்கு ஏறினார். திங்கள்கிழமை தேடுதல் ஆட்கள் மலைப்பாதையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பைன் மரத்தில் சாய்ந்து, ஊர்ப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. மேலே வெறும் சட்டை. கோட்டு இல்லை, முதுகுப்பை இல்லை, துப்பாக்கி இல்லை.

"ஷெரீப் என்ன சொல்றார்?" என்று மேவிஸ் கேட்டாள்.

"குளிர் மண்டைக்கு ஏறினா மனுஷன் கோட்டைக் கழட்டி எறிஞ்சிருவானாம். அது பனிக்கு அடியில கெடக்குமாம். பையையும் துப்பாக்கியையும் வழியில போன எவனோ எடுத்துட்டானாம். முடிச்சுட்டாரு கேஸை."

"எத்தனை துப்பாக்கி வெச்சிருந்தார்?"

"ரெண்டு. பழசு வீட்டு அலமாரியில இருக்கு. போன மாசம் ஆசையா ஆசையா ஒண்ணு வாங்கினார். அவர் கடைசியா ஆசைப்பட்டது அதுதான். அதை எடுத்தவன் கழுத்துல நான் கை வெக்கணும்."

"பிள்ளைங்க?"

"இல்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மேவிஸ் தலையாட்டிக்கொண்டாள்.

லோர்னா இறங்கிப் போன பிறகு நான் சொன்னேன்: "பாஸ், இந்த சீசன்ல ஆரஞ்சுத் தொப்பியும் துப்பாக்கியுமா சுத்துறவன் எல்லாம் சந்தேக நபர். மொத்த ஜில்லாவையும் உள்ள போட்ருவோம். சோறு யாரு போடுறது?"

"வண்டியை எடு. திருடினவனைப் பிறகு பாப்போம். முதல்ல திருடுபோனது எப்படிப்பட்ட துப்பாக்கின்னு தெரியணும்."

ஆர்வில் டன்னின் துப்பாக்கிக் கடையில் ஒரு மூஸ் மான் தலை உண்டு. அதன் கொம்பில் ஆர்வில் தன் தொப்பியை மாட்டிவைப்பான். கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தாலும் எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனையில் இடம் தெரிந்துவிடும்.

"வாங்க வார்டனம்மா! கூடவே வாலும் வந்திருக்கு. ஹார்லன் விஷயமா? பாவம், நல்ல மனுஷன். அதைவிட நல்ல துப்பாக்கி."

"எப்படித் தேர்ந்தெடுத்தார்னு ஒண்ணு விடாம சொல்லு."

ஆர்விலுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றுகொண்டான்.

"இப்ப வர்ற பசங்க எல்லாம் தோள்ல வெக்கிற கட்டை பிளாஸ்டிக்குல, கார்பன் குழல், அதுக்கு மேல குறி பாக்க டெலிபோன் மாதிரி ஒரு ஸ்கோப்புன்னு கேக்குறானுங்க. ஹார்லன் உள்ள வந்ததுமே சொன்னார்: 'வால்நட் மரம், கருநீல இரும்பு, கையால இழுத்துத் தள்ளுற போல்ட். பனி உறைஞ்சாலும் காலி தோட்டாவைக் கவ்வி வெளிய எறியணும். எனக்கப்புறமும் நிக்கணும்.' அப்படியே கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு."

"உனக்கு விலைப்பட்டியலைப் பாத்தாலே தண்ணி வரும்" என்றேன்.

"வாயை மூடு கிப். எந்த ரகத் தோட்டா?" என்று மேவிஸ் கேட்டாள்.

ஆர்வில் தலையைச் சொறிந்தான். "அதான் எனக்கும் புரியல. காலமெல்லாம் முந்நூறு மேக்னம் சுட்ட ஆளு. கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும், சிரிச்சுக்கிட்டே சுடுவார். இப்ப வந்து டூ-செவன்டி கேட்டார். தூரத்துக்கு நேராப் போகும், தோளுக்கு நோகாது. சரி, வயசாச்சு போலன்னு விட்டுட்டேன். நானூறு கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரி பண்ணித் தரச் சொன்னார். சந்தோஷமா பண்ணிக் குடுத்தேன். ஆனா ஸ்கோப்பை ரொம்பப் பின்னாடி தள்ளி வெக்கச் சொன்னார். 'யோவ், உன் கழுத்து நீளத்துக்கு இது உதைக்கையில புருவத்தைக் கிழிச்சுரும்'னேன். 'கிழியாது, நீ வை'ன்னார்."

"அப்புறம்?"

"கட்டையை ஒரு அங்குலத்துக்கு மேலயே வெட்டச் சொன்னார். அதுகூட நியாயந்தான். குளிருக்குத் தடிக் கோட்டு போட்டா தோள் முன்னால வந்துரும், கட்டை நீளமாத் தெரியும். நாங்க எத்தனையோ பேருக்கு வெட்டியிருக்கோம். ஆனா அளவு எடுத்த விதந்தான் கூத்து."

"என்ன கூத்து?"

"அளவு எடுக்குறது தெரியுமில்ல? கட்டையோட அடியை முழங்கை மடிப்புல வெச்சா, விரல் நுனி விசையில வந்து நிக்கணும். வாங்குறவன் கையை நீட்டுவான், நான் வெச்சுப் பாப்பேன். இந்த மனுஷன் கையையே நீட்டல. பையிலேர்ந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலை எடுத்து, 'இந்த நீளம்'ங்கிறார். கை தோள்லயே தொங்குதே, நூலு எதுக்குன்னேன். சும்மா சிரிச்சார். கட்டையில மிஞ்சின துண்டு இங்கதான் கெடக்கணும்."

மரத்தூள் பெட்டியைக் கிளறி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான். பிஸ்கட் பருமனில் ஒரு வால்நட் துண்டு. மேவிஸ் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் கதவைத் திறக்கும்போது ஆர்வில் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "திருட்டுத் துப்பாக்கியோட எவனாவது வந்தா நானே கட்டிப்போட்டு வெக்கிறேன். அதுக்கு முன்னாடி கெட்டில் பக்கம் ஒரு முண்டம் சுத்துது, அதை முதல்ல புடிங்க. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தினம் காலையில டமால், டமால், டமால். மூணு போட்டும் ஒரு மான் விழல! என்கிட்ட வாங்கின துப்பாக்கியா இருக்காது, அது நிச்சயம்."

நான் சிரித்தேன். மூன்று குண்டு போட்டவனைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"இன்னிக்குக் காலையிலயும் சுட்டானா?" என்றேன்.

"இன்னிக்குக் கேக்கல. தோட்டா தீந்திருக்கும் தடியனுக்கு."

வண்டியில் மேவிஸ் அந்த மரத்துண்டை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டாள். 

"கிப், உதை குறைவு, கட்டை குட்டை, ஸ்கோப் பின்னாடி. யாருக்குப் பொருந்தும்?"

"ஹார்லனோட பாதி அளவுல ஒரு ஹார்லனுக்கு."

"பேசத் தெரியாமப் பேசினாலும் சரியாத்தான் பேசுற. அவர் தனக்கு வாங்கல."

லோர்னா வீட்டுச் சமையலறையில் அனுதாபத்துக்கு வந்த கறிப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எதையும் அவள் தொடவில்லை. மேவிஸ் பையிலிருந்து நூலொன்றை எடுத்தாள். வழியில் என் தொப்பியிலிருந்து உருவியது.

"போன மாசம் உங்க கையை இப்படி அளந்தாரா? முழங்கை மடிப்புலேர்ந்து விரல் வரைக்கும்?"

லோர்னாவின் முகம் மாறியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்வெட்டர் பின்னச் சொல்லப் போறேன்னு அளந்தார். முழங்கையிலேர்ந்து ஸ்வெட்டருக்கு யாராவது அளப்பாங்களான்னு கேலி பண்ணினேன்." கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, அப்ப அது எனக்கா? எனக்கா வாங்கினார்?"

"நீங்க வேட்டைக்குப் போவீங்களா?"

"துப்பாக்கி சத்தமே எனக்கு ஆகாதே."

"அப்ப உங்க கை அளவுல இன்னொரு கை இருக்கு, லோர்னா. யாரோடது?"

சுவரில் குடும்பப் படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் ஹார்லனும் லோர்னாவும் ஒரு பையனும். ஓர் இடத்தில் மட்டும் ஆணி இருந்தது, படம் இல்லை. மேவிஸ் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

"எனக்கு மகள் இல்ல" என்றாள் லோர்னா. "வண்டியை ஓட்டினது அவ. செத்தது என் பையன். அன்னிக்கே இந்த வீட்டுல அவ பேரு முடிஞ்சு போச்சு. ஹார்லன் கிட்டயும் சொல்லிட்டேன், அவளைப் பாத்தா இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னு."

"பேரு?"

"நெல்." அந்தப் பெயரைச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.  "ஓரிகன்ல இருக்கா. அவருக்கும் அவளுக்கும் பேச்சே கிடையாது."

"பேச்சு இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியாம." மேவிஸ் அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் முட்டி போட்டு நான் பார்த்ததில்லை. "துப்பாக்கியை யாரும் திருடல. மேல ஏறினது ரெண்டு பேரு. அவர் பழசை எடுத்துட்டுப் போகல, புதுசை அவ கையில குடுத்துட்டு வழி காட்டப் போயிருக்கார். அங்க அவளுக்கு என்னமோ ஆயிருக்கு. கால் ஒடிஞ்சிருக்கலாம், நடக்க முடியல. கோட்டைக் கழட்டி அவ மேல போத்திட்டார். பையைக் குடுத்தார், துப்பாக்கியையும் வெச்சுட்டார். வெறும் சட்டையோட ஆள் கூட்டிட்டு வர ஊருக்கு ஓடி வந்திருக்கார். பாதி வழியில நெஞ்சு நின்னு போச்சு. அன்னிக்கு ராத்திரி விழுந்த பனியில ரெண்டு பேர் தடமும் மூடிப்போச்சு."

எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. டமால், டமால், டமால். சம இடைவெளியில் மூன்று குண்டு என்றால் மலையில் அதற்கு ஒரே அர்த்தம், காப்பாற்றுங்கள். பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். ஆனால் எல்க் சீசனில், நாள் பூராவும் வெடிச்சத்தம் கேட்கிற ஒரு பள்ளத்தாக்கில், அதைக் கேட்டவனெல்லாம் குறி தவறிய எவனையோ நினைத்துச் சிரித்திருக்கிறான். அவள் தினமும் கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் தினமும் சிரித்திருக்கிறோம். அட பாவிகளா!

"பாஸ், மூணு குண்டு…"

"தெரியும். கடை வாசல்லயே எனக்கு உறுத்துச்சு. மேல ஆள் இருக்குன்னு இப்பத்தான் நிச்சயமாச்சு. ஷெரீப்பைக் கூப்பிடு."

முதலில் ஓரிகனில் நெல் வேலை செய்கிற இடத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்: லீவில் போயிருக்கிறாள், போனையும் எடுப்பதில்லை. பிறகு ஷெரீப்பைக் கூப்பிட்டேன். புயல் வருகிறது, ஹெலிகாப்டர் ஏறாது, நாளைக் காலையில் ஆள் அனுப்புகிறேன் என்றார். ஓரிகனில் ஒருத்தி லீவு போட்டுவிட்டுப் போனை எடுக்காவிட்டால் மலையில் கிடக்கிறாள் என்று அர்த்தமா என்று வேறு கேட்டார். என்னிடமிருந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் அங்கேயே தீர்ந்தன.

மலைப்பாதை தொடங்குமிடத்தில் வேட்டைக்காரர்களின் பெரிய வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நாங்கள் லோர்னாவோடு போய்ச் சேர்ந்தோம். ஆர்வில் எங்களுக்கு முன்பே வந்துவிட்டான். போனில் நான் விஷயத்தைச் சொன்னதும் கிளம்பியவன், பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டுகிற பனிமட்டைகளும், ஆளைத் தூக்கிவர மடக்குப் படுக்கையும், துப்பாக்கியுமாக நின்றான். முகம் சாம்பலாகியிருந்தது.

"என் துப்பாக்கி" என்றான். "நான் வித்த துப்பாக்கி. அதைத்தான் முண்டம்னு…"

"அப்புறம் அழலாம்" என்றாள் மேவிஸ்.

கடைசி வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நீலக் கார். சுற்றிலும் பனி, ஒரு காலடிகூட இல்லை. ஓரிகன் நம்பர். அதன் கூரையில் ஒரு காகிதக் காபிக் குவளை உறைந்து ஒட்டியிருந்தது. தேடுதல் ஆட்கள் யாரோ ஹார்லனைத் தேட ஏறும்போது வைத்துவிட்டுப் போனது. சீசனில் வெளியூர் வண்டி நிற்பது இங்கே அதிசயமில்லை, எவனும் நின்று பார்க்கவில்லை.

லோர்னா அந்தக் காரின் ஜன்னலில் இருந்த பனியை வெறுங்கையால் தள்ளினாள். உள்ளே முன்சீட்டில் கம்பளி நூலால் பின்னிய ஒரு பழைய சிவப்புத் தொப்பி கிடந்தது. "நான் பின்னினது" என்றாள்.  தள்ளின கையை அப்படியே கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆர்வில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்து உயர்த்தினான். ஒன்று. போல்ட்டை இழுத்துத் தள்ளினான். இரண்டு. மூன்று. சத்தம் பள்ளத்துக்குள் உருண்டு போய் அடங்கியது.

ஆர்விலின் இடுப்பில் தொங்கின வாக்கி-டாக்கி கரகரத்தது. பள்ளத்தாக்கில் இருக்கிற வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் அரட்டை அடிப்பார்கள். எவனோ சிரித்துக்கொண்டே கேட்டான்: "மூணா? யாருப்பா அந்த வீரன்? மான் டாட்டா காட்டிட்டுப் போயிருச்சா?" இன்னொருவன் கெக்கெக்கே என்றான்.

மேவிஸ் அதைப் பிடுங்கினாள். "டேய், சிரிக்கிறவன்லாம் கேளு. நான் மேவிஸ் ஹால்வர்சன். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீங்க கேட்ட மூணு குண்டு மான் மேல போட்டது இல்ல. கெட்டில்ல ஒரு பொண்ணு கெடக்கா. இஞ்சினை நிறுத்து. துப்பாக்கியைக் கீழ வை. ஒருத்தனும் பேசாத. அவ பதில் குடுக்கணும், நாங்க கேக்கணும்."

நான் இந்த ஊரில் பிறந்தவன். சீசன் நடுவில் இந்தப் பள்ளத்தாக்கு அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. பனிவண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. காற்று மட்டும் இருந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். ஆர்வில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். இனி இல்லை என்று நான் முடிவுகட்டியபோது வந்தது.

ஒரே ஒரு வெடி. எங்கோ தொலைவில்.

இரண்டாவதுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மூன்று போட வேண்டியவள் ஒன்று போட்டால் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். யாராவது கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும் என்று காலையில் சுடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"தெக்குச் சரிவு" என்றேன் நான்.

"வடக்கு" என்றாள் லோர்னா.

எதிரொலி இரண்டு பக்கமும் மோதியிருந்தது. தவறான பக்கம் ஏறினால் திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும், புயலும் வந்துவிடும். இவ்வளவு கேட்டும் அவளை அங்கேயே விட்டுவிடப்போகிறோம் என்று நினைத்தேன்.

மேவிஸ் பையிலிருந்த வால்நட் துண்டை எடுத்து ஆர்வில் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கண்ணைத் திற. நானூறு கஜத்துக்கு ஸ்கோப் வெச்சுக் குடுத்தியே, கெட்டில்ல நானூறு கஜம் எங்கேர்ந்து தெரியும்?"

ஆர்வில் விழித்தான். "தெக்குல அடர்ந்த பைன், முப்பதடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. அங்க போறவன் இந்தத் துப்பாக்கி வாங்கமாட்டான். வடக்குல பாறைத்திட்டு இருக்கு. அங்கேர்ந்து கீழ ஊத்து வரைக்கும் நானூறு. நேர்க்கோடு." கையால் வடக்கைக் காட்டினான். "அந்தத் திட்டுக்குன்னே தேர்ந்தெடுத்திருக்கார் மனுஷன். அந்தத் திட்டுக்கும் அந்தப் பொண்ணுக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தப் பனியிலயா? இருட்டினப்புறந்தான் போய்ச் சேர முடியும். அவ அதுவரைக்கும்…" 

பனிமட்டைகளைக் கட்டினோம். நீ இங்கேயே இரு என்று லோர்னாவிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவள் காருக்குள் இருந்த சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள், பூட்டியிருந்த கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள், பிறகு எங்கள் பின்னால் வந்து நின்றாள். முதல் பனித்துகள்கள் விழத் தொடங்கின.

வாக்கி-டாக்கியில் சற்று முன் சிரித்தவனின் குரல் வந்தது. இப்போது அதில் சிரிப்பு இல்லை. "மேவிஸம்மா, இங்க நாலு பேரு இருக்கோம், கிழக்கு வழியா ஏறுறோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வரணும்ல. யாரு அந்தப் பொண்ணு? யாரோட ஆளு?"

மேவிஸ் வாக்கி-டாக்கியை லோர்னாவிடம் நீட்டினாள். லோர்னா அதை எப்படி அமுக்குவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பொத்தானைக் காட்டினேன்.

"நெல்" என்றாள். "நெல் க்ரீட். என் மகள்."

அதற்குப் பிறகு மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாங்கள் வடக்குப் பக்கம் ஏறத் தொடங்கினோம்.